குர்பானித் தோல் எங்கே போகிறது?



ஹஜ்ஜுப் பெருநாளன்று அறுத்த ஆட்டின் தோலை மத்ரஸாவுக்குக் கொடுத்துவிட்டு நாம் கையைக் கழுவிக்கொள்கிறோம். அத்தோல் பிறகு எங்கே போகிறது என்று உங்கள் பிள்ளை கேட்டால் என்ன விடை சொல்வீர்கள்? சொல்வதைவிடக் காட்டுவது நன்று. வாணியம்பாடி, ஆம்பூர், மேல்விஷாரம், இராணிப்பேட்டை ஆகிய பாலாற்றங்கரை ஊர்களுள் ஒன்றில் அனுமதி பெற்று, பெரிய தோல் ஷாப்பு ஒன்றைப் பார்த்து வாருங்கள். மகனை மட்டுமன்று, மகளையும் அழைத்துச் செல்லுங்கள்.

வாசலிலேயே நாற்றம் மூக்கைப் பொத்தச் செய்யும். பிள்ளைகள் முகம் சுளித்தால் கடிந்துகொள்ளாதீர்கள். அதற்காகத் திரும்பியும் வந்துவிடாதீர்கள்.

உப்பிட்ட தோல்களை முதலில் நீரில் ஊறவைத்து உப்பையும் இரத்தத்தையும் போக்குவர். அடுத்து சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் சேர்க்க, மயிர் கழன்றுவிடும். ஒட்டிய சதையை எந்திரம் வழித்தெடுக்கும். பின்னர்ச் சுண்ணாம்பை நீக்கி, அமிலமும் உப்பும் கலந்த நீரில் பக்குவப்படுத்தி, ஆளுயரத்தை விஞ்சிய மர டிரம்களில் குரோமிய உப்போடு சுழலவிடுவர். வெளிவரும்போது தோல் வெளிர்நீலமாக இருக்கும். ‘வெட் புளூ’ என்பது அதுவே. முன்னாளில் ஆவாரம்பட்டை ஊறலில் வாரக்கணக்கில் கிடந்து பதமான தோல், இன்று ஏறத்தாழ ஒரு நாளில் பதமாகிறது. அதன்பின் சீவி, சாயமும் எண்ணெயும் ஏற்றி, உலர்த்தி, சதுர அடிக் கணக்கில் அளந்து அனுப்புவர்.

செத்த ஆட்டின் தோலைக்கூட வீணாக்காமல் பதனிட்டுப் பயன்படுத்தியிருக்கலாமே என்று நபி (ஸல்) அவர்கள் வினவிய செய்தி ஹதீஸ் நூல்களில் உண்டு. அதை இங்கே நின்று சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு நன்கு விளங்கும். இத்தொழிலில் ஈட்டிய பொருள் கல்விக்கும் பயன்பட்டது என்பதையும் சொல்லுங்கள். வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919இல் தோன்றியது. மேல்விஷாரத்தில் 1965இல் எழுந்த கல்லூரி, தோல் வணிகராகிய வள்ளல் சி. அப்துல் ஹக்கீம் சாஹிபின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

பலர் இத்துடன் தேநீர் அருந்திவிட்டுத் திரும்பிவிடுவர். தாங்கள் திரும்பாதீர்கள். தோல் உள்ளே வரும் வாசலைப் பார்த்தாயிற்று; நீர் வெளியே போகும் வாசலைப் பார்க்க வேண்டாமா? ஒரு கிலோ தோலைப் பதனிட 30 முதல் 40 லிட்டர் நீர் செலவாகிறது. அந்நீர் பல்லாண்டுகள் சுத்திகரிக்கப்படாமலேயே ஓடியது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழாயிற்று என்னும் ஆய்வுக் கணக்கை உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டுத் தீர்ப்பில் எடுத்துக்காட்டியது. ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு வழங்குமாறு 2025 ஜனவரியிலும் அம்மன்றம் ஆணையிட நேர்ந்தது. இடையே, 2015 ஜனவரி இறுதியில், இராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து 10 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் அருகிலிருந்த ஆலையில் உறங்கிக் கொண்டிருந்த தொழிலாளர்.

ஆலை உரிமையாளருள் பலர் நம்மவர் என்பதற்காக இதை மறைப்பது எனக்கு உடன்பாடில்லை. கிணற்றுநீர் உப்பாகி, வுளூவுக்கும் வேறு நீர் தேடியவருள்ளும் நம்மவர் உண்டு.

இன்று பல ஆலைகளின் கழிவுநீர் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்குச் செல்கிறது. சவ்வு வடிகட்டிகளால் நீரைப் பிரித்து மீண்டும் ஆலைக்கே அனுப்பும் ஏற்பாடும் உண்டு. மிஞ்சும் உப்பை எங்கே போடுவது என்பதற்கு மட்டும் இன்னும் நல்ல விடை கிடைக்கவில்லை. அக்கேள்வியை உங்கள் பிள்ளையே மேலாளரிடம் கேட்கட்டும். தொழிலாளருக்குக் கையுறை உண்டா, தொட்டிக்குள் யாரை இறக்குகிறீர்கள் என்றும் கேட்கட்டும். அவற்றுக்கு முகம் மாறாமல் விடை தரும் ஆலைதான் பார்க்கத் தக்க ஆலை.

அனுமதியை முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். பெருநாளை ஒட்டிய வாரங்கள் வேண்டாம். புதுத்தோல் வந்து குவியும் வேளையில் சுற்றிக் காட்ட எவருக்கும் நேரமிராது.