டிஸ்க்குகளை ஒன்றாக்க முதல்

பழைய மாணவர்கள் தந்த மூன்று ஹார்ட் டிஸ்க்குகளையும் பாடசாலைக் கொம்பியூட்டரில் பூட்டி, ஒரே டிரைவாக ஆக்கித் தரும்படி சங்கத்தில் கேட்கிறார்கள். 500 ஜிபி, 1 டிபி, 2 டிபி. கூட்டினால் 3.5 டிபி. கேட்க நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் எங்களுக்கு இதில் உடன்பாடில்லை.

ஒன்றாக்குவது பெரிய வித்தையல்ல. லினக்ஸில் எல்விஎம் இருக்கிறது. விண்டோஸில் 8ஆம் பதிப்பிலிருந்து ஸ்டோரேஜ் ஸ்பேசஸ் இருக்கிறது. டிஸ்க்குகளை ஒரு குழுவாக்கி, அதிலிருந்து வேண்டிய அளவை எடுத்து ஒரே டிரைவாகக் காட்டும். இடம் முடிந்தால் இன்னொரு டிஸ்க்கைச் சேர்த்து நீட்டலாம். உள்ளே இருக்கும் பைல்களுக்கு ஒன்றும் ஆகாது. (புதிதாகச் சேர்க்கும் டிஸ்க்கில் முன்பு இருந்தவை அழியும், கவனம்.)

சிக்கல் என்னவென்றால், வெறுமனே ஒன்றாக்கினால் மூன்றில் ஒன்று செத்தாலும் பெரும்பாலும் முழு டிரைவும் போய்விடும். ஒரு டிஸ்க் ஒரு வருடத்தில் பழுதாகும் வாய்ப்பு நூற்றுக்கு 5 என்று ஒரு பேச்சுக்கு வைப்போம். மூன்றில் ஏதாவதொன்று பழுதாகும் வாய்ப்பு 14ஐத் தாண்டுகிறது. ஏ.எல் கணிதப் பிள்ளைகள் போட்டுப் பார்க்கலாம். அந்த 500 ஜிபி டிஸ்க்கைப் பூட்டியபோதே கரகரவென்று சத்தம்!

உள்ளே போகப்போவது எது? வினாத்தாள்கள் போனால் திரும்பத் தேடி எடுக்கலாம். ஊர் மூத்தம்மாமார் பாடிய கவிகளைப் பிள்ளைகள் வீடு வீடாகப் போய்ப் பதிவு செய்தார்களே, அதை எங்கே தேடுவது? பாடியவர்களில் இரண்டு பேர் வபாத்தாகிவிட்டார்கள்.

இத்தனைக்கும் எங்களிடம் இருப்பதெல்லாம் சேர்த்து 400 ஜிபிகூட வராது. 3.5 டிபி யாருக்கு? 1 டிபியையும் 2 டிபியையும் மிரர் முறையில் போடுவோம். இரண்டிலும் ஒரே பிரதி இருக்கும், ஒன்று செத்தால் மற்றது நிற்கும். கிடைக்கும் இடம் 1 டிபிதான், போதும். பிறகு சின்ன டிஸ்க்கை மாற்றிப் பெருப்பிக்கலாம். 500 ஜிபியை ஐசிடி வகுப்பில் பிள்ளைகள் கழற்றிப் பார்க்கட்டும்.

மிரரும் முழுக் காவல் இல்லை. யாராவது தவறி அழித்தால் இரண்டிலும் அழியும். மின்னல் அடித்தால் இரண்டும் சேர்ந்தே போகும். அதனால் ஒரு எக்ஸ்டேனல் டிஸ்க் வேண்டும். அது பாடசாலையில் இருக்கக் கூடாது, ஒருவருடைய வீட்டு அலுமாரியில் இருக்க வேண்டும். மாதத்துக்கு ஒருமுறை கொண்டுவந்து பிரதி எடுப்போம்.

தரக்கூடியவர்கள் இன்பொக்ஸில் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு சங்கக் கூட்டம், விலை விசாரித்துக்கொண்டு வருகிறோம்.