சாகாத பிராணியா நீர்க்கரடி?

கொதிக்க வைத்தாலும் சாகாது, உறைய வைத்தாலும் சாகாது, உலகமே அழிந்தாலும் அது மட்டும் மிஞ்சும் என்று நீர்க்கரடியைப் பற்றி அளப்பவர்கள் பலர். அதிலும் "ராமசோட்டியஸ்" என்ற இனத்துக்கு ஏகப்பட்ட புகழ்.

இத்தாலிய விஞ்ஞானி ஜுசெப்பே ராமசோட்டியின் பெயர் இதற்குச் சூட்டப்பட்டிருக்கிறது. நீளம் ஒரு மில்லி மீட்டரில் மூன்றில் ஒரு பங்கு இருந்தால் அதிகம். கால்கள் எட்டு. காலுக்குக் கால் நகம். குடியிருப்பது பாசியிலும், கூரையில் தேங்கும் மழைத் தண்ணீரிலும்.

ஜப்பானில் சப்போரோ நகரத்துப் பாலம் ஒன்றின் பாசியில் கிடைத்த வம்சத்துக்கு "யோக்கோசுனா" என்றே பெயர் வைத்துவிட்டார்கள். சூமோ மல்யுத்தத்தில் மகா வீரனுக்குத் தரும் பட்டம் அது!

பட்டம் வீண் அல்ல. தண்ணீர் வற்றினால் எட்டுக் கால்களையும் உள்ளே இழுத்துக்கொண்டு பீப்பாய் போல் சுருங்கிவிடும். தீனி கிடையாது, அசைவு கிடையாது. மழை பெய்தால் எழுந்து நடக்கும்! இதன் உடலில் உள்ள ஒரு புரதத்தைப் பற்றி 2016-ல் ஜப்பானிய விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். அதை மனித உயிரணுக்களில் உண்டாக்கிப் பார்த்தபோது, எக்ஸ்ரே கதிரால் வரும் சேதம் சுமார் 40 சதவிகிதம் குறைந்தது.

விழித்திருந்தால்?

இந்தப் பெருமை எல்லாம் வாய்க்கு வாய் பேசப்படுகிறது. கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தார் 2020-ல் சொன்னதைத்தான் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

டென்மார்க்கில் நிவா என்ற ஊரில், கூரைத் தண்ணீர் வடியும் குழாயில் பிடித்த ராமசோட்டியஸ் பிராணிகளை அவர்கள் சூட்டில் வைத்துச் சோதித்தார்கள். காய்ந்து சுருங்கியவற்றில் பாதி, 82.7 டிகிரியில் ஒரு மணி நேரம் தாக்குப் பிடித்தன. ஈரத்தில் விழித்திருந்தவையோ 37.1 டிகிரியில் ஒரே நாளில் பாதி செத்துப் போயின! நம் உடம்பின் சாதாரணச் சூடுதான் அது. ஜுரம்கூட இல்லை.

சிறிது சிறிதாகச் சூட்டுக்குப் பழக்கியும் பார்த்தார்கள். எல்லை 37.6 டிகிரிக்கு ஏறியது. அவ்வளவுதான்.

காய்ந்தால் பிழைத்துக்கொள்ளுமே என்று வாதாடலாம். பிழைக்கும். ஆனால் தின்பதும், வளர்வதும், முட்டையிடுவதும் ஈரத்தில் மட்டுமே. பீப்பாயாகக் கிடந்து வம்சத்தை வளர்க்க முடியுமா?

பூமி சூடேறி வருகிற காலத்தில், "எது போனாலும் நீர்க்கரடி இருக்கும்" என்று பேசுவது வெறும் சமாதானம். டென்மார்க்கில் 1975-ல் பதிவான உச்ச வெயில் 36.4 டிகிரி. அது ஒரு பகல் வெயில்; இரவு பகலாக அடித்த சூடு அல்ல. ஆனாலும் மகா வீரனின் எல்லைக்கும் அதற்கும் நடுவே இருப்பது முக்கால் டிகிரிகூட இல்லை!