‘நாங்கள்’ என்பதற்குள் ஒளிந்திருந்த ‘நான்’

இசுடார் திரெக்கு என்னும் அமெரிக்க அறிவியற் புனைவுத் தொலைக்காட்சித் தொடரில் 1989-ஆம் ஆண்டு ஒரு புதுவகைப் பகை தோன்றியது. அதன் பெயர் போர்கு. அதனை இனம் என்பதா, படை என்பதா, பொறி என்பதா என்று துணிதற்கு அரிது. பல உலகங்களில் வாழும் மக்களைப் பற்றி இழுத்து, அவர்தம் உடலிற் பொறிகளைப் பதித்து, உள்ளங்களையெல்லாம் ஒரே இழையிற் கோத்து, எண்ணற்ற உடல்களும் ஒரே எண்ணம் எண்ணுமாறு செய்வதே அதன் தொழில். விழுங்கப்பட்டவர்க்குப் பெயர் இல்லை, எண் உண்டு. இனங்களுக்கும் எண்ணே. மாந்த இனத்திற்கு 5618 என்று எண் இட்டிருந்தனர்! அதற்குத் தலைவனும் இல்லை; தூதும் இல்லை. ‘நாங்கள்’ என்று மட்டுமே அது பேசும்.

கண்டோரை நடுங்க வைத்தது அத் தலைமையின்மையே. கொடுங்கோலன் ஒருவன் இருப்பின் அவனை வெறுக்கலாம், வீழ்த்தலாம். முகமே இல்லாத ஒன்றை என் செய்வது?

1996-இல் வெளிவந்த ‘முதல் தொடர்பு’ என்னும் திரைப்படம் அதற்கு ஒரு முகத்தை அளித்தது. தலையும் தோளும், கீழே தொங்கும் முதுகெலும்புமாய் ஒரு பெண்ணுரு மேலிருந்து இறங்கி வந்து, காத்திருக்கும் உடலொன்றிற் பொருந்துகிறது. அவளே போர்கு அரசி. ஆலிசு கிரீகே என்னும் நடிகை அவ் வேடத்தை ஏற்றார். அன்றுமுதல் ஒரு குறை சொல்லப்பட்டு வருகிறது. தலைமையற்ற கூட்டுள்ளத்திற்குத் தலைமை தந்து, அதன் அச்சத்தையே படம் அழித்துவிட்டதாம். அச்சம் குறைந்தது மெய்யே. ஆயினும் உண்மை கூடியது என்பதை அக் குறை கூறுவோர் எண்ணிப் பார்த்ததில்லை.

தேன்கூட்டில் அரசி இருப்பதால் இங்கும் அரசி என்று அமைதி கூறுவாரும் உளர். அது பொருந்தாது. தேனீக்களின் அரசி ஆள்வதில்லை, முட்டையிடுகிறது. கூடு பிரிந்து புதிய இடம் தேடுங்கால் முடிவெடுப்பவை, பல இடங்களையும் பார்த்து வந்து ஆடிக்காட்டும் வேலைக்கார ஈக்களே. போர்கு அரசியோ கட்டளையிடுகிறாள், சினக்கிறாள், நயந்து பேசுகிறாள். ஈயின்மேற் பழிபோட இடமே இல்லை.

இங்கே தமிழ் இலக்கணம் ஒரு விளக்கேற்றுகிறது. ஆங்கிலத்தில் தன்மைப் பன்மைக்கு ஒரே சொல். தமிழோ கேட்பவனை உள்ளடக்குங்கால் ‘நாம்’ என்றும், புறத்தே நிறுத்துங்கால் ‘நாங்கள்’ என்றும் பிரித்துரைக்கும். ‘செய்வாம்’ என்பதற்கும் ‘செய்வேம்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை நன்னூலார் ஈறு காட்டி விளக்கினார். பிடிக்கப்படுமுன் ஒருவன் போர்கிடம் கேட்பது ‘நாங்கள்’. அவன் வெளியே நிற்கிறான். பிடிக்கப்பட்டபின் அதுவே ‘நாம்’ ஆகிவிடுமா? ஆகாது. ‘நாம்’ என்பது நானும் நீயும் கூடியது. நானும் இல்லை, நீயும் இல்லை என்றானபின் கூடுவது எது? எஞ்சுவது ஒன்றே: அரியணையில் அமர்ந்தவர் தம் ஒருவரையே பன்மையாற் கூறும் ‘யாம்’. ஏழாண்டுகள் கூட்டத்தின் குரலாகக் கேட்டது அந்த யாம்தான் என்பதை 1996-ஆம் ஆண்டுப் படம் வெளிப்படுத்திவிட்டது. எல்லாரிடமிருந்தும் பறிக்கப்பட்ட ‘நான்’ என்னும் சொல்லை அவள் ஒருத்தி மட்டும் தயக்கமின்றி ஆள்கிறாள்.

ஆனால் அவளுக்கும் ஒரு பசி உண்டு. அதுவே இப் புனைவின் நுட்பமான இடம். 1990-ஆம் ஆண்டுக் கதையில் கலத்தலைவர் பிக்கார்டு போர்கினாற் பிடிக்கப்பட்டார். ஏனையோர்க்கெல்லாம் எண் இருக்க, அவருக்கு மட்டும் இலொக்கூட்டசு என்று பெயர் இட்டனர். இலத்தீனில் ‘பேசியவன்’ என்பது அதன் பொருள். அவளுக்கு அடிமை வேண்டின் கோடி உண்டு. தன்னுளம் உடைய துணை ஒன்றையே அவள் தேடினாள் என்று படத்தில் பிக்கார்டே அவளிடம் கூறுகிறார். அது கிட்டாமையால் தேட்டா என்னும் செயற்கை மாந்தனை மயக்க முனைகிறாள்; அவன் மேனியில் உயிருள்ள தோலை ஒட்டுகிறாள். தான் மயங்கியது 0.68 நொடி என்று அவன் பின்னர்க் கணக்குச் சொல்கிறான். தன்னைப் போன்ற பொறிக்கு அது நெடுங்காலமாம்! 1999-இல் வந்த வாயேசர் தொடர்க் கதையிலும் அதே பசிதான். கூட்டத்திலிருந்து மீண்டு தன்னியல்பு பெற்ற ‘ஒன்பதில் ஏழு’ என்னும் பெண்ணை, அத் தன்னியல்பு கெடாமலே தன்பால் வைத்துக்கொள்ள அரசி விழைகிறாள். எல்லா உள்ளங்களையும் விழுங்கியவளுக்குப் பேச்சுத்துணைக்கு ஓர் உள்ளம் இல்லை. இரக்கம் கொள்ளத் தோன்றும். ஆயின் 2000-ஆம் ஆண்டுக் கதையில், ஒருசிலர் குரல் தன் காதிற் படவில்லை என்பதற்காகப் பல்லாயிரவர் இருந்த தன் கலத்தையே அவள் வெடித்தழியச் செய்ததை நினைந்தால் அவ் விரக்கம் நில்லாது.

பிக்கார்டின் பெயரால் அமைந்த பிற்காலத் தொடரின் 2022-ஆம் ஆண்டுப் பகுதி இச் சிக்கலை வேறுவழியில் அவிழ்க்க முயன்றது. அரசி, ஆக்னசு சுராட்டி என்னும் அறிவியலாளரின் உடலிற் புகுகிறாள். சுராட்டி அவளோடு உள்ளுக்குள்ளேயே வழக்காடுகிறாள்: பறித்துச் சேர்க்கும் கூட்டம் ஒவ்வொரு முறையும் தோற்கிறது, கேட்டுச் சேர்க்கும் கூட்டம் ஒன்றை அமைத்தால் என்ன? அரசி இணங்குகிறாள். அவ்வளவு எளிதில் இணங்கிவிடுவாளா என்னும் ஐயம் எழாமல் இல்லை. கதை அங்கே சற்று விரைந்துவிட்டது. எனினும் கேட்கப்படுபவன் மறுக்கவும் கூடும் என்பதே பெரிய வேறுபாடு. மறுக்க இடம் உள்ள கூட்டத்திலேதான் ‘நாம்’ என்னும் சொல் பிழையின்றி நிற்கும். சுராட்டியும் அரசியும் ஒன்றாகிய அவ் வுரு, நானூறாண்டுகள் கழித்துக் கோள்களின் கூட்டமைப்பிடம் வருகிறது. பெருங்கேடு ஒன்றைத் தடுக்க உதவுகிறது. பின்னர்த் தன்னையும் உறுப்பாக ஏற்றுக்கொள்ள இயலுமா என்று கேட்டு, விடைக்குக் காத்து நிற்கிறது.