ஹெட்டைக் கழற்றுறதுக்கு முன்னாடி ஒரு பாட்டில் எடுங்க

இன்ஜினுக்குள்ள தண்ணி போயிடுச்சுன்னு சொன்னா நம்ம கிளாஸ்ல முக்கால்வாசிப் பேர் உடனே சொல்ற பதில் ஒண்ணுதான்: "ஹெட் கேஸ்கெட் போச்சு." கார், பைக் யூடியூப் வீடியோ பார்த்து வளர்ந்த பதில் அது. ஃபைபர் போட்டுக்குப் பின்னாடி தொங்குற சின்ன அவுட்போர்டு இன்ஜினுக்கு இந்தப் பதில் பல நேரம் தப்பு. அதுவும் செலவு வைக்கிற தப்பு. ஹெட்டைக் கழற்றினா புது கேஸ்கெட் வாங்கணும், அன்னைக்குக் கடலுக்குப் போக முடியாது. கடைசில கோளாறு எண்ணெய் கேன்ல இருந்திருக்கும்.

அவுட்போர்டோட டிசைனே தண்ணிக்கு நாலு வாசல் வச்சிருக்கு. கீழே லெக்ல இருக்குற ரப்பர் இம்பெல்லர் கடல் தண்ணியை உறிஞ்சி சிலிண்டரைச் சுத்தி அனுப்புது. எக்ஸாஸ்ட் அதே லெக் வழியா தண்ணிக்கு அடியில வெளியேறுது. மேலே கார்புரேட்டர் காத்தை இழுக்குது, அலை அடிச்சா தண்ணியையும் சேர்த்து இழுக்கும். நாலாவது வாசல் எரிபொருள். எதுல வந்துச்சுன்னு கண்டுபிடிக்கிறதுதான் வேலை. திறந்து பார்க்கிறது கடைசி வேலை.

முதல்ல ஸ்பார்க் பிளக். ரெண்டு சிலிண்டர்னா ரெண்டையும் கழற்றி, எது எந்த சிலிண்டர்னு மாறாம பக்கத்துல பக்கத்துல வைக்கணும். ஒண்ணு கரியோட பழுப்பா, இன்னொண்ணு ஸ்டீம்ல கழுவின மாதிரி பளிச்சுன்னு இருந்தா அந்த ஒரு சிலிண்டருக்குள்ள மட்டும் தண்ணி கசியுது. அப்போ கேஸ்கெட்டைச் சந்தேகப்படலாம். ரெண்டுமே நனைஞ்சிருந்தா பொதுவான வாசலைத் தேடணும். சின்ன இன்ஜின்ல பெரும்பாலும் ஒரே கார்புரேட்டர்தான் ரெண்டு சிலிண்டருக்கும். ஒரு விஷயம்: கயிறு இழுக்கும்போது பாதியில கல்லு மாதிரி நின்னா பலம் போட்டு இழுக்கக் கூடாது. தண்ணி அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். பிளக்கைக் கழற்றிட்டு மெதுவா இழுத்தா தண்ணி தானா வெளியே பீய்ச்சும்.

அடுத்து பாட்டில். கார்புரேட்டர் பௌலோட டிரெயின் ஸ்க்ரூவைத் திறந்து, வர்றதை ஒரு கண்ணாடி பாட்டில்ல பிடிச்சு, நெருப்பு இல்லாத திறந்த இடத்துல அசையாம வைக்கணும். பெட்ரோல், மண்ணெண்ணெய் ரெண்டுமே தண்ணியை விட லேசு. தண்ணி அடியில முத்து முத்தா உருளும். எத்தனால் கலந்த பெட்ரோல்னா கதை கொஞ்சம் மோசம். தண்ணி ஒரு அளவைத் தாண்டினா எத்தனாலும் தண்ணியும் சேர்ந்து தனி லேயரா அடியில இறங்கிடும். டூ ஸ்ட்ரோக்ல நாம கலக்குற ஆயில் மேல் லேயர்லயே நின்னுடும். டேங்க் அடியிலிருந்து உறிஞ்சுற இன்ஜினுக்கு லூப்ரிகேஷனே போகாது.

அப்புறம் எனக்கு ரொம்பப் பிடிச்ச டெஸ்ட். அது உப்பா, நல்ல தண்ணியா? பிளக் ஓட்டையிலிருந்து வந்த தண்ணியைத் தெளிய விட்டு, கீழே இருக்குற சொட்டுல சில்வர் நைட்ரேட் விட்டா போதும். ஆமா, முதல் வருஷ கெமிஸ்ட்ரி லேப்ல குளோரைடு அளக்கிறோம்னு பக்கத்து பெஞ்ச் ரீடிங்கைப் பார்த்து எழுதின அதே சில்வர் நைட்ரேட். குடிதண்ணிக்கு குளோரைடு லிட்டருக்கு 250 மில்லிகிராமுக்குள்ள இருந்தா நல்லதுன்னு நம்ம தரநிர்ணயம் சொல்லுது. கடல் தண்ணியில சுமார் 19,000. அதனால மழைத்தண்ணின்னா லேசா மங்கும், கடல் தண்ணின்னா தயிர் மாதிரி திரியும். தயிர் மாதிரி வந்து, பாட்டில் டெஸ்ட்ல எரிபொருள் சுத்தம்னா, தண்ணி கூலிங் வழியாவோ எக்ஸாஸ்ட் வழியாவோ கார்புரேட்டர் வாய் வழியாவோ வந்திருக்கு.

இங்கதான் கம்ப்ரெஷன் கேஜுக்கு வேலை. ஒரு சிலிண்டர் இன்னொண்ணை விட நல்லாவே குறைவா காட்டினா ஹெட்டைக் கழற்றுங்க, நான் தடுக்கல. ரெண்டும் சமமா இருந்தா படகைப் பாருங்க. பின்பக்கம் பாரம் ஏத்தி இன்ஜின் ரொம்பத் தாழ்ந்திருக்கா? வேகமா வந்து சட்டுன்னு நிறுத்தினா பின்னாடி வர்ற அலை எக்ஸாஸ்ட்டுக்குள்ள ஏறும். அதை எந்த கேஸ்கெட்டும் சரிபண்ணாது.

கியர் ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தா அது வேற நோய். ப்ரொபெல்லர் ஷாஃப்ட்ல சுத்தின நரம்பு வலை சீலை அறுத்திருக்கும். அங்கிருந்து சிலிண்டருக்கு வழியே கிடையாது.

கடற்கரை மெக்கானிக்குகளுக்கு இது எல்லாம் கைப்பழக்கம். நாலு வருஷம் மெக்கானிக்கல் படிச்ச நமக்கு ஏன் இல்ல? நம்ம தெர்மல் லேப்ல எல்லா இன்ஜினும் நல்லா ஓடுற இன்ஜின். ஹீட் பேலன்ஸ் ஷீட் போடுறோம், கிராஃப் வரையிறோம், வர வேண்டிய விடை சீனியர் ரெக்கார்டுலயே இருக்கு. கோளாறான இன்ஜினை யாரும் நம்ம முன்னாடி வைக்கிறதில்ல. சிலபஸ் மாத்த பல கமிட்டி வேணும்னு சொல்வாங்க. இதுக்கு வேண்டாம். லேப் மூலையில தூசி படிஞ்சு நிக்கிற பழைய டூ ஸ்ட்ரோக்கோட ஃப்ளோட் பௌல்ல லேப் அண்ணா கொஞ்சம் உப்புத்தண்ணி ஊத்தி வைக்கட்டும். ஒரு பேட்ச், ஒரு பாட்டில், ஒரு பிளக் ஸ்பேனர், ரெண்டு மணி நேரம். எதைக் கழற்றினோம், ஏன் கழற்றினோம்னு மட்டும் வைவாவுல கேளுங்க. தேவையில்லாம கழற்றின ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஒரு மார்க் குறைங்க.