தட்டின் விலையும் பாடினவரின் பெயரும்

போன மாதம் எங்கள் குழுவில் ஒருவரின் மாமா லண்டனில் இருந்து வந்திருந்தார். பெட்டியைத் திறந்தால் வழமையான சாமான்கள்தான்: சொக்லேட், சேர்ட், சென்ற் போத்தல். ஆனால் அடியில், இரண்டு துவாய்களுக்கு நடுவில், ஏழு அங்குல இசைத்தட்டுகள் ஒரு பத்து இருந்தன. மருமகனுக்கென்று ஒரு சின்னப் பிளேயரும் கொண்டுவந்திருந்தார். "விளிம்பிலை பிடிச்சுத் தூக்குங்கோ பிள்ளையள், வரியிலை கை படக்கூடாது" என்று சொல்லிச் சொல்லி ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினார்.

அதில் ஒன்று பிராங்க் வில்சன் பாடிய 'டூ ஐ லவ் யூ'. இரண்டரை நிமிசப் பாட்டு. அது முடிய முதலே எங்கள் கால்கள் ஆடத் தொடங்கிவிட்டன. "இது 1979இலை வந்த மறுபதிப்பு. 1965இலை அடிச்ச முதல் தட்டு எண்டால் நான் வீட்டை வித்துத்தான் வாங்கவேணும்" என்று மாமா சிரித்தார். பகிடி என்று நினைத்தோம். பகிடி இல்லை. அந்த முதல் தட்டு ஒன்று 2009இல் ஏலத்தில் 25,742 பவுணுக்குப் போயிருக்கிறது. 2020இல் ஒரு கொப்பி 1 இலட்சம் பவுணுக்குக் கைமாறியதாகச் செய்தி வந்தது.

அன்றிரவு எங்களுக்குள் பெரிய வாக்குவாதம். "ஃபோனிலை சும்மா கேக்கிற பாட்டுக்கு இவ்வளவு காசோ? விசர்" என்றது ஒரு பக்கம். "அப்பிடி விசரர் இருந்தபடியாத்தான் அந்தப் பாட்டு இண்டைக்கு உன்ரை ஃபோனுக்கு வந்தது" என்றது மறுபக்கம். இரண்டும் சரிதான். ஆனால் தேடி வாசிக்க வாசிக்க, இரண்டு பக்கமும் கேட்காமல் விட்ட ஒரு கேள்வி எங்களை விடவில்லை. இந்தக் கதையில் பாடினவருக்கு என்ன கிடைத்தது?

தோற்ற பாட்டுகளைத் தேடிப் போனவர்கள்

முதலில் சேகரிப்பவர்களுக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுவோம்.

1960களின் கடைசியில், இங்கிலாந்தின் வடக்கே ஆலைகளும் தொழிற்சாலைகளும் நிறைந்த ஊர்களில், கிழமை முழுக்க வேலை செய்த இளம் ஆக்கள் சனி இரவு முழுக்க ஆடப் போனார்கள். அவர்கள் ஆடியது அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோல் இசைக்கு. டெட்ரொயிட்டில் இருந்த மோட்டவுன் கொம்பனியின் பாட்டுகள் மாதிரி வேகமான, நிக்காத அடி. அமெரிக்காவில் இசை ஃபங்க் பக்கம் திரும்பிய பிறகும் இவர்களுக்கு அந்தப் பழைய அடிதான் வேண்டியிருந்தது. புதிதாக அப்படிப் போடுவார் குறைந்துவிட்டார்கள். அப்ப என்ன செய்வது? பழையதிலேயே இன்னும் கேட்காததைத் தேட வேண்டும். கேட்காதது என்றால், வெளிவந்து தோற்றுப்போனது.

தோற்ற தட்டுகளுக்கு அமெரிக்காவில் குறைவில்லை. டெட்ரொயிட், சிக்காகோ, லொஸ் ஏஞ்சலிஸ் என்று ஒவ்வொரு நகரத்திலும் சின்னச் சின்னக் கொம்பனிகள் இருந்தன. கொஞ்சக் கொப்பிகள் அடிப்பார்கள், உள்ளூர் வானொலி போடாவிட்டால் அந்தப் பாட்டின் கதை அத்தோடு சரி. மிச்சம் களஞ்சியங்களில் தூசி பிடித்துக் கிடக்கும். இங்கிலாந்தில் இருந்து பெடியள் விமானம் ஏறிப் போய் அந்தக் களஞ்சியங்களைக் கிண்டினார்கள். லண்டனில் இசைத்தட்டுக் கடை வைத்திருந்த டேவ் கோடின், 1970இல் ஒரு இசைப் பத்திரிகையில் இதற்கு 'நோர்தர்ன் சோல்' என்று பெயர் வைத்தார்.

குளோரியா ஜோன்ஸ் பாடிய 'டெயின்டட் லவ்' அப்படிக் கிடைத்த ஒன்று. 1965இல் வந்தபோது அது ஒரு தட்டின் இரண்டாம் பக்கப் பாட்டு, ஒருவரும் கவனிக்கவில்லை. 1973இல் ரிச்சர்ட் சேர்லிங் என்ற டிஜே அமெரிக்கா போனபோது அந்தத் தட்டை வாங்கி வந்து போட்டார், அரங்கு பிடித்துக்கொண்டது. 1981இல் சொஃப்ட் செல் அதைத் திருப்பிப் பாடி பிரித்தானியாவில் முதலிடம். சேகரிப்பவர்கள் இல்லாவிட்டால் இந்தச் சங்கிலியே இல்லை. இதை நாங்கள் மறுக்கவில்லை.

வெள்ளைக் கடதாசி

ஆனால் அதே உலகத்தில் இன்னொரு பழக்கமும் இருந்தது. அதற்கு 'கவர் அப்' என்று பெயர்.

டிஜே ஒருவர் அருமையான தட்டு ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார். அது வேறு அரங்கு டிஜேக்களுக்குத் தெரிந்தால் அவர்களும் தேடி எடுத்துவிடுவார்கள், ஆட்டக்காரர் அங்கே போய்விடுவார்கள். ஆகவே லேபிளுக்கு மேலே கடதாசியை ஒட்டி, வேறு ஒரு பாடகரின் பெயரையும் வேறு ஒரு பாட்டின் பெயரையும் சொல்லிப் போடுவார். இது இங்கிலாந்தில் மட்டும் நடந்ததல்ல. ஜமேக்காவின் சவுண்ட் சிஸ்டம்காரர்கள் 1950களிலேயே அமெரிக்கத் தட்டுகளின் லேபிளைச் சுரண்டி எடுத்துவிட்டுத் தங்கள் பெயரில் ஓடவிட்டவர்கள்.

பிராங்க் வில்சனுக்கும் இதுதான் நடந்தது. அவருடைய தட்டை 1965இல் மோட்டவுனின் 'சோல்' லேபிள் ஒரு 250 மாதிரிக் கொப்பிகள் வரை அடித்தது. பாடகராக இருக்கப்போகிறாரா, தயாரிப்பாளராக இருக்கப்போகிறாரா என்ற முடிவில் அவர் தயாரிப்புப் பக்கம் போனார். தட்டு கடைக்கு வரவில்லை. அடித்ததும் அழிக்கப்பட்டது, ஒன்றிரண்டுதான் தப்பியது. 1970களில் அந்தப் பாட்டு விகன் காசினோ அரங்கில் வெடித்தபோது, ஆடினவர்களுக்குச் சொல்லப்பட்ட பெயர் 'எடி ஃபொஸ்டர்'. அந்தப் பெயரிலேயே திருட்டுப் பதிப்பும் வந்தது. சனம் ஆடினது பிராங்க் வில்சனின் குரலுக்கு. கைதட்டினது எடி ஃபொஸ்டருக்கு.

விகன் காசினோ 1973 செப்டம்பரில் தொடங்கி 1981 டிசம்பர் வரை விடிய விடிய நடந்தது. முடிவில் எப்போதும் மூன்று பாட்டுகள். அதில் ஒன்றைப் பாடிய டோபி லெஜண்டும் டெட்ரொயிட்டில் டோபி லார்க் என்ற பெயரில் பாடியவரும் ஒரே ஆள். கடைசிப் பாட்டைப் பாடிய டீன் பரிஷுக்கு, இங்கிலாந்தில் தன் குரலோடு ஒரு தலைமுறை வீடு திரும்புகிறது என்பது கனகாலம் தெரியவே தெரியாது. தட்டு அத்திலாந்திக்கைத் தாண்டி வந்துவிட்டது. அந்தச் செய்தி திரும்பிப் போகவில்லை.

கவர் அப் செய்தவர்களுக்கும் ஒரு நியாயம் உண்டு. தேடினது தாங்கள், செலவழித்தது தாங்கள், பெயரைச் சொன்ன அடுத்த கிழமையே திருட்டுப் பதிப்பு வந்துவிடும் என்பார்கள். விளங்குகிறது. ஆனால் பாடினவருக்கு அந்தக் கடதாசி என்ன செய்தது என்பதையும் யோசிக்க வேண்டும். ஏற்கெனவே ஒருமுறை தோற்றவர். இரண்டாம் முறை வென்றபோது, வென்றது தான் என்று அவருக்கே தெரியாமல் போனது.

பெயர் மட்டும் போதுமா?

மாமாவின் தட்டுகளில் பாதி றொக்கபிலி. அதற்குள் போனபோது எங்கள் வாதம் இன்னும் சிக்கலானது.

மெம்பிஸ் நகரில் யூனியன் அவெனியூ 706ஆம் இலக்கத்தில் சாம் பிலிப்ஸ் நடத்திய சின்னப் பதிவுக்கூடத்தில் இருந்து, 1954 ஜூலையில் எல்விஸ் பிரெஸ்லியின் முதல் தட்டு வந்தது. சன் 209. ஒரு பக்கம் 'தற்ஸ் ஓல் றைற்'. கறுப்பின புளூஸ் பாடகர் ஆர்தர் குருடப் 1946இல் பதிவு செய்த பாட்டு. மறுபக்கம் வெள்ளையின நாட்டார் இசைக்காரர் பில் மன்றோவின் பாட்டு. றொக்கபிலி என்பது என்ன என்று யாராவது கேட்டால் அந்தத் தட்டின் இரண்டு பக்கத்தையும் போட்டுக் காட்டினால் போதும்.

இங்கே கவர் அப் இல்லை. குருடப்பின் பெயர் லேபிளிலேயே அச்சாகி இருந்தது. அடுத்த ஆண்டு நவம்பரில் எல்விஸின் ஒப்பந்தத்தை ஆர்சிஏ கொம்பனி 35,000 டொலர் கொடுத்து வாங்கியது. அந்தக் காலத்தில் அது பெரிய காசு. குருடப்போ தனக்கு வரவேண்டிய உரிமைப்பணம் சரியாக வராமல், கூலி வேலை செய்து குடும்பத்தைப் பார்த்து, 1974இல் இறந்துபோனார். பெயர் இருந்தது, காசு வரவில்லை.

இன்றைக்கு அந்தத் தட்டைத் தேடுகிறவர்களின் கண் சாதாரணக் கண் இல்லை. மெம்பிஸ் ஆலையில் அடித்த அசல் என்றால் லேபிளில் மூன்று சின்ன வட்டத் தழும்புகள் இருக்கும் என்று பார்ப்பார்கள். லேபிளைச் சுற்றியுள்ள வெறும் வளையத்தில் கீறியிருக்கும் இலக்கத்தை வெளிச்சத்தில் சரித்து வாசிப்பார்கள். அவ்வளவு கவனத்தில் ஒரு துளியை, அடைப்புக்குறிக்குள் இருக்கும் அந்தப் பெயருக்குக் கொடுத்தால் என்ன என்பதுதான் எங்கள் கேள்வி.

காசுக் கணக்கையும் சொல்லிவிடுவோம். ஒரு பழைய தட்டு 10 பவுணுக்கு விற்றாலும் 1 இலட்சத்துக்கு விற்றாலும், பாடினவருக்கு அதில் ஒரு சதமும் போகாது. பிரித்தானியாவில் 2006 முதல், ஓவியம் ஒன்று கலைச்சந்தையில் மறுபடி நல்ல விலைக்கு விற்றால் ஓவியருக்கு ஒரு பங்கு போகவேண்டும் என்று சட்டம் இருக்கிறது. இசைத்தட்டுக்கு அப்படி இல்லை. அமெரிக்காவில் சாதாரண வானொலியில் பாட்டுப் போனால்கூட எழுதினவருக்குத்தான் பணம், பாடினவருக்கு இல்லை. ஆகவே சோல் பாடகர் ஒருவர் தன் தட்டு எவ்வளவுக்குப் போகிறது என்று செய்தியில் வாசித்துவிட்டு வாடகைக்கு யோசிப்பது நடக்கக்கூடிய காரியம்தான்.

நல்லாகச் செய்தவர்களும் இருக்கிறார்கள்

இதற்கு மருந்தும் சேகரிப்பவர்களிடம் இருந்துதான் வந்தது. அதுதான் எங்களுக்குப் பிடித்த பகுதி.

இங்கிலாந்தின் ஏஸ் நிறுவனம் தன் கென்ட் லேபிளில் 1982 முதல் பழைய சோல் பாட்டுகளை உரிமை பெற்று மறுபதிப்பாகக் கொண்டுவருகிறது. உள்ளே இருக்கும் குறிப்பில் யார் பாடினது, யார் எழுதினது, எங்கே பதிவானது என்று விபரமாக இருக்கும். ஜேர்மனியில் 1975இல் தொடங்கிய பெயர் ஃபமிலி, றொக்கபிலிக்கும் நாட்டார் இசைக்கும் பெட்டி பெட்டியாக அதே வேலையைச் செய்தது. சிக்காகோவின் நியூமெரோ குரூப் 2003 முதல் மறந்துபோன சின்னக் கொம்பனிகளைத் தேடிப்பிடித்து, அவற்றின் கதையோடு வெளியிடுகிறது. இவற்றை நடத்துகிறவர்களும் ஒரு காலத்தில் தட்டுப் பைத்தியங்கள்தான்.

1977இல் லண்டன் ரெயின்போ அரங்கில் சார்லி ஃபெதர்ஸ், வொறன் ஸ்மித், படி நொக்ஸ், ஜக் ஸ்கொட் ஆகியோரை அழைத்து மேடையேற்றினார்கள். சொந்த நாட்டின் பெரும்பாலானோர் மறந்துவிட்ட றொக்கபிலிக்காரரை, அவர்களின் பழைய தட்டுகளைத் தேடித் தேடிக் கேட்ட அயல்நாட்டு இளைஞர்கள் எழும்பி நின்று வரவேற்றார்கள். சேகரிப்பு என்றால் இப்படி முடியவேண்டும். தட்டில் தொடங்கி ஆளிடம் போய்ச் சேரவேண்டும்.

ஆகவே எங்கள் கருத்து இதுதான். பழைய தட்டைத் தேடி வாங்குவது விசர் இல்லை, காப்பாற்றும் வேலை. ஆனால் பெயரை மறைத்து, தட்டை அலுமாரிக்குள் பூட்டி, ஒன்றுதான் இருக்கிறது என்பதையே பெருமையாக்கினால் அது காப்பாற்றல் இல்லை, பதுக்கல். பதுக்கல் என்றால் என்ன என்று எங்கள் நாட்டு ஆக்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. சாமான் கிடக்கும், தேவையான கைக்கு வராது. வாங்குகிறவர்கள் அசலை வாங்கட்டும். கூடவே உரிமை பெற்று வந்த மறுபதிப்பையும் வாங்கட்டும். பாட்டைப் பகிரும்போது பாடினவரின் பெயரை முதலில் எழுதட்டும். டிஜேயின் பெயர் பிறகு வரலாம்.

இது தூரத்துக் கதை இல்லை. எங்கள் கலியாண வீடுகளில் 'சின்ன மாமியே' பாடாத ஆக்கள் குறைவு. நித்தி கனகரத்தினம் என்ற பெயரை எங்கள் வயதுக்காரர் எத்தனை பேர் அறிந்திருக்கிறோம்? ஈழத்துப் பொப் பாட்டுகளும் தட்டுகளாக வந்தவைதான். இடம்பெயர்வுகளில் எத்தனையோ வீடுகளில் அவை போய்விட்டன. தப்பினது எங்காவது ஒரு அம்மம்மாவின் ட்றங்குப் பெட்டிக்குள் கிடக்கலாம்.

கிடைத்தால் முதலில் விலை பார்க்காதையுங்கோ. லேபிளின் இரண்டு பக்கத்தையும் படம் எடுங்கள். பாடினவர், எழுதினவர், இசை, கொம்பனி, இலக்கம் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். அம்மம்மாவிடம் அதை எங்கே, யார் வாங்கினது என்று கேளுங்கள். பாடினவரோ வாசித்தவரோ இன்னும் உயிரோடு இருந்தால், உங்கள் பாட்டை நாங்கள் கேட்டோம் என்று ஒரு ஃபோன் எடுத்துச் சொல்லுங்கள். டீன் பரிஷ் அந்த ஒரு செய்திக்காகக் காத்திருந்ததுபோல எங்கள் பாடகர்களும் வருசக்கணக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.