சோதித்துப் பார்க்கவில்லை!

சென்ற வாரம் உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் நம்மைத் தேடி வந்தான். காலஞ்சென்ற அப்பப்பாவின் வால்வு வானொலிப் பெட்டியை இணையத்தில் விற்பதற்கு விளம்பரம் ஒன்று எழுதியிருந்தான். தமிழ் சரிதானா என்று பார்த்துத் தருமாறு கேட்டான். பார்த்தோம். தமிழில் பிழை இல்லை. பெட்டியின் அழகையும் பழைமையையும் வருணித்துவிட்டு, “சோதித்துப் பார்க்கவில்லை” என்று முடித்திருந்தான்.

“மெய்யாகவே சோதித்துப் பார்க்கவில்லையா, தம்பி?” என்று கேட்டோம்.

சிறிது தயங்கினான். “ஒரு முறை மின்சாரம் கொடுத்துப் பார்த்தேன், ஐயா. ‘உம்’ என்று இரைந்தது. பிறகு ஏதோ எரிந்த மணம் வந்தது. உடனே நிறுத்திவிட்டேன். எனக்கு இந்தத் தொழில் தெரியாது. அதைச் சோதனை என்று சொல்லலாமா?” என்றான்.

கேள்வி சிறியதுதான். ஆயினும் பழைய ஒலிக்கருவிகள் விலைபோகும் இணையச் சந்தையின் நாணயம் முழுவதும் இந்தக் கேள்வியிலேதான் தங்கியிருக்கிறது.

வால்வு வானொலி, இசைத்தட்டுக் கருவி, ஒலிநாடாப் பதிவுக் கருவி ஆகியவற்றைத் தேடி வாங்குவோர் இன்று பலர். இவற்றை விற்கும் விளம்பரங்களில் “சோதிக்கப்படவில்லை”, “உள்ளபடியே விற்கப்படும்” என்னும் சொற்களை அடிக்கடி காண்கிறோம். சில வேளைகளில் அவை முற்றும் உண்மை. வீட்டைக் காலி செய்பவரிடம் கருவி இருக்கும். ஒலிபெருக்கியோ இசைத்தட்டோ இராது. ஆனால், வேறு சில வேளைகளில் கருவி சோதிக்கப்பட்டு, பழுதென்று அறியப்பட்ட பின்னரே அச்சொற்கள் எழுதப்படுகின்றன. இரண்டுக்கும் எழுத்து ஒன்றே. வாசிப்பவர் எதனைக் கொண்டு வேறுபடுத்துவார்?

இந்நிலையினால் விளையும் கேட்டை அமெரிக்கப் பொருளியலறிஞர் ஜோர்ஜ் அக்கர்லொவ் 1970ஆம் ஆண்டிலேயே விளக்கினார். அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் பழைய மோட்டார் வண்டி. நல்ல வண்டி எது, பழுதான வண்டி எது என்று வாங்குபவருக்குத் தெரியாதபோது, அவர் இரண்டுக்கும் இடைப்பட்ட விலையையே கொடுக்கத் துணிவார். நல்ல வண்டி வைத்திருப்பவர் அந்த விலைக்கு விற்க மனமின்றி விலகிக்கொள்வார். எஞ்சுவன பெரும்பாலும் பழுதானவை. ஆகவே விலை மேலும் சரியும். இவ்வாறு, பழுதை மறைப்பவர் தம்மிடம் வாங்குபவரை மட்டுமன்றி, உண்மை பேசும் மற்றைய விற்பனையாளரையும் கெடுத்துவிடுகிறார். இத்தகைய ஆராய்ச்சிக்காக அக்கர்லொவ் வேறிருவருடன் 2001ஆம் ஆண்டின் பொருளியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

மாணவனின் கேள்விக்கு மீள்வோம். அவன் ஒரு முறை மின்சாரம் கொடுத்தது சோதனையா? சோதனை அன்று என்றே வைத்துக்கொண்டாலும், அது ஒன்றும் செய்யாத செயலும் அன்று. வால்வுப் பெட்டிகளில் மின்னைச் சேமித்து இரைச்சலை அடக்கும் கொள்ளளவிகள் சில உண்டு. அவற்றினுள்ளே அலுமினியத் தகட்டின் மேல் மிக மெல்லிய ஒட்சைட்டுப் படலம் இருக்கும். பல ஆண்டுகள் மின்சாரம் பாயாமற் கிடந்தால் அந்தப் படலம் நலிந்துவிடும். திடீரென முழு மின்னழுத்தத்தையும் கொடுத்தால் மின் கசிந்து, கொள்ளளவி சூடேறி வெடிக்கவும் கூடும். நல்ல நிலையிலிருந்த வால்வையும் நிலைமாற்றியையும் அது எரித்துவிடக்கூடும். அன்று காலை வரை எளிதிற் திருத்தக்கூடியதாக இருந்த பெட்டி, அன்று மாலை பெரும் பழுதடைந்திருக்கலாம். இதனை வாங்குபவர் அறிய வேண்டாமா?

உயிருக்கு ஆபத்தும் உண்டு. நிலைமாற்றி இல்லாமற் செய்யப்பட்ட சில பழைய வானொலிகளில் உள்ளிருக்கும் உலோகத் தட்டு நேரே மின்கம்பியுடன் தொடர்புற்றிருக்கும். இணைப்பைக் கழற்றிய பின்னரும் கொள்ளளவிகளில் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கலாம். ஆகவே பின்மூடியைக் கழற்றிக் கையை விடுவது வீட்டுப் பிள்ளைகளின் விளையாட்டு ஆகாது.

அயல்நாட்டிலிருந்து வரும் கருவிகளில் வேறொரு பொறி உண்டு. நமது நாட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். ஜப்பானியர் தம் நாட்டுப் பாவனைக்குச் செய்தவை 100 வோல்டுக்கு உரியவை. இங்கே நேரே மாட்டினால் கருகிவிடும். அமெரிக்க மின்சாரமோ 60 ஹேர்ட்ஸ். அதற்கு இசையச் சுழலும் பழைய இசைத்தட்டுக் கருவியை மின்னழுத்தம் குறைத்து இங்கே ஓட்டினாலும், அது ஆறிலொரு பங்கு மெதுவாகவே சுழலும். நிமிடத்திற்கு 33 1/3 சுற்றுச் சுற்றவேண்டிய தட்டு ஏறத்தாழ 28 சுற்றே சுற்றும். பாடகரின் சுருதியும் கூடவே இறங்கிவிடும். “சோதிக்கப்படவில்லை” என்னும் சொல்லுக்குள் இவையெல்லாம் ஒளிந்து கிடக்கின்றன.

ஆதலின் வாங்க விரும்புவோர் அச்சொல்லைக் கண்டால் “பழுதானது” என்றே வாசித்துக்கொள்க. பழுதான பொருளுக்கு என்ன கொடுப்பீர்களோ, அதிலிருந்து திருத்தும் கூலியையும் கழித்து விலை பேசுக. கூடுமாயின் நேரிற் சென்று, உங்கள் இசைத்தட்டையே போட்டுக் கேட்டு வாங்குக. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது பழமொழி. ஒளிப்படத்தைப் பார்த்து ஒலிக்கருவி வாங்குபவரோ அந்தக் காதையும் வீட்டிலே விட்டுச் செல்கிறார். வாங்கி வந்ததும் மின்சாரம் கொடுத்துவிடாது, திருத்துபவரிடம் காட்டுக. அவர் இழை மின்குமிழ் ஒன்றைத் தொடராக இணைத்து மெல்லப் பரிசோதிப்பார். உள்ளே குறுக்குத் தொடர்பு இருப்பின் குமிழ் பிரகாசமாக எரிந்து, கருவியைக் காத்துவிடும்.

விற்போர் செய்ய வேண்டியது இன்னும் எளிது. தொழில் தெரியாவிடின் மின்சாரம் கொடுக்கவே வேண்டாம். எத்தனை ஆண்டுகள் கிடந்தது, எங்கே கிடந்தது, கடைசியாக எப்போது பாடியது என்று அறிந்தவற்றை எழுதினாற் போதும். பழுது என்று எழுதினால் எவரும் வாங்கார் என்று அஞ்சவும் வேண்டாம். ஈபே என்னும் பெரிய இணையச் சந்தை 1995ஆம் ஆண்டில் தொடங்கியபோது, அதில் முதன்முதல் விலைபோனது பழுதான லேசர் சுட்டுகோல் ஒன்று என்று அதன் நிறுவுநர் பியர் ஒமிடியார் கூறியிருக்கிறார். விலை 14 டாலர் 83 சதம். “இது பழுதானது என்று தெரியுமா?” என்று அவர் எழுதிக் கேட்டார், பழுதானவற்றையே தாம் சேகரிப்பதாக வாங்கியவர் பதில் எழுதினார்.

இவற்றையெல்லாம் மாணவனுக்குச் சொன்னோம். கடைசி வரியை அடித்துவிட்டு, “இருபது ஆண்டுகளாக மூடிக் கிடந்தது. ஒரு முறை மின்சாரம் கொடுத்தேன், இரைந்தது, எரிந்த மணம் வந்தது, நிறுத்திவிட்டேன்” என்று எழுதினான். எதிர்பார்த்த விலையையும் பாதியாகக் குறைத்தான்.

பெட்டி இன்னும் விலைபோகவில்லை. வந்து பார்த்தவர் ஒருவரே. அவர் ஒரு திருத்துநர். விலையைக் கேட்குமுன், “எரிந்த மணம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது?” என்று கேட்டாராம். மறைக்க ஒன்றுமில்லாதபடியால், நம் மாணவன் தயங்காமல் கையைக் காட்டினான்.