அபராதம் வாங்கும் அரசு, ஆலோசகரைத் தருமா?

குடித்துவிட்டு வண்டியோட்டியவன் பிடிபடுகிறான். 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால். மோட்டார் வாகனச் சட்டம் 185-வது பிரிவில் வழக்கு. பத்தாயிரம் ரூபாய் அபராதம் கட்டி வெளியே வருகிறான். அன்று மாலை எங்கே போகிறான்? அதே கடைக்குத்தான்! அந்தக் கடையை 2003 முதல் டாஸ்மாக் பெயரில் நடத்துவதும் அரசுதான்.

மதுக்கடைகளை மூடு என்ற நம் கோரிக்கையில் மாற்றமில்லை. ஆனால் அந்த நாள் வரும்வரை சாலையில் சாகிறவர்களுக்கு யார் பொறுப்பு?

2019 திருத்தம் அபராதத்தை இரண்டாயிரத்திலிருந்து பத்தாயிரமாக உயர்த்தியது. உரிமம் திரும்பக் கிடைக்க, புத்தாக்கப் பயிற்சி முடிக்க வேண்டும் என்றது. பயிற்சி எங்கே? ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில், அல்லது மத்திய அரசு அறிவிக்கும் வேறு அமைப்பில். வண்டி ஓட்டத் தெரியாமலா அவன் பிடிபட்டான்? பாட்டிலைக் கீழே வைக்கத் தெரியாமல் அல்லவா பிடிபட்டான்!

மது தாராளமாக விற்கும் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், முதல்முறை சிக்கியவருக்கே மூன்று மாதம், 30 மணி நேர வகுப்பும் ஆலோசனையும் உண்டு. அதை நடத்தும் நிலையத்துக்கு மாநில சுகாதாரத் துறையின் உரிமம் வேண்டும். ஜெர்மனியில் அளவு மீறிக் குடித்து ஓட்டியவர், அரசு அங்கீகரித்த நிலையத்தில் மருத்துவ, உளவியல் பரிசோதனையில் தேறினால்தான் மீண்டும் வண்டியைத் தொட முடியும். அங்கே ஆலோசகரின் தகுதிக்கும் அரசு பொறுப்பேற்கிறது.

தகுதிக்கு ஏன் இத்தனை வலியுறுத்தல் என்று கேட்கலாம். பல்லாண்டு குடித்தவன் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், சித்தம் கலங்கலாம், உயிரே போகலாம். படித்த ஆலோசகர் அந்த அறிகுறி கண்டதும் மருத்துவரிடம் அனுப்புவார். படிக்காதவர் கட்டிப் போடுவார்.

கட்டிப் போட்டதன் முடிவை நம் சமுதாயம் கண்ணால் கண்டிருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், அனுமதியின்றி நடந்த மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கிடந்த 28 பேர் தப்ப வழியின்றி மாண்டார்கள். போதை நோயையும் சேர்த்தே, 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை நிலையங்களுக்குப் பதிவைக் கட்டாயமாக்கியது. எனினும் குடித்து ஓட்டியவனுக்கு ஆலோசனை கட்டாயம், ஆலோசகருக்கு இன்ன தகுதி வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் ஒரு வரி இல்லை.

அரசை மட்டும் சொல்லிப் பயனில்லை. குடி நம் தெருவில் இல்லை என்று நடிப்பதை நாமும் நிறுத்த வேண்டும். அல்லாஹ் மதுவை ஒரே நாளில் தடுக்கவில்லை. அல்பகராவில் அதன் தீங்கைச் சொல்லி, அந்நிஸாவில் போதையில் தொழுகையை நெருங்காதே என்று கூறி, அல்மாயிதாவில் முற்றாகத் தடுத்தான். குடித்த ஒருவர் நபி (ஸல்) அவர்களிடம் கொண்டு வரப்பட்டபோது தண்டனை நிறைவேறியது. ஆனால் கூட்டத்தில் ஒருவர் அவரைச் சபித்தபோது, அவருக்கு எதிராக ஷைத்தானுக்கு உதவாதீர்கள் என்று நபியவர்கள் தடுத்தார்கள். புகாரீயில் பதிவான செய்தி இது. தண்டனை உண்டு, கைவிடுதல் இல்லை!

எங்களைப் போன்ற ஆலிம்களும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஜும்ஆ பயான் மனிதனைத் தவ்பாவின் வாசலுக்கு அழைத்து வரும். நோய்க்குச் சிகிச்சை தருவது அதற்கென்று படித்தவரின் வேலை.

ஆகவே அரசிடம் கேட்கிறோம்: 185-ல் தண்டிக்கப்பட்டவருக்குப் பரிசோதனையும் ஆலோசனையும் கட்டாயமாக்கு! ஆலோசகரின் படிப்பையும் பயிற்சியையும் வரையறுத்து, அங்கீகரிக்கப்பட்டவர் பட்டியலை மாவட்டந்தோறும் வெளியிடு! ஏழை ஓட்டுநரிடம் கட்டணம் வாங்காதே!

வியாபாரப் பெருமக்களே! உங்கள் லாரி ஓட்டுநர் குடிக்கிறார் என்று தெரிந்தால் சாவியை வாங்குங்கள். சோற்றில் மண் போடாதீர்கள். பதிவு பெற்ற நிலையத்தில் சேர்த்து, தேறியபின் வேலை கொடுங்கள். இளைஞர்களே! உளவியலும் சமூகப்பணியும் படித்து இத்துறைக்கு வாருங்கள். ஜமாஅத்துகள் அதற்கு உதவித்தொகை தரட்டும்.

ஓர் உயிரை வாழவைத்தவர் மனிதகுலத்தையே வாழவைத்தவர் என்பது நம் வேதம் தரும் பாடம். அந்த உயிர் ஸ்டீயரிங்கின் பின்னாலும் இருக்கலாம், சக்கரத்தின் முன்னாலும் இருக்கலாம்.